கதவைத் தட்டும் கோமாளி



ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் நம் வாயில் எளிதாக வரும் சொல் 'கோமாளி'. அந்தக் கோமாளிகளுக்குப் பயிற்சி தரும் முகாமுக்குள் இன்று ஒரு நாள் மாணவர்களாக நாமும் நுழைந்து பார்ப்போம். இது சர்க்கஸ் கோமாளிகளுக்கானது அல்ல. மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளைச் சந்திக்கச் செல்பவர்களுக்கானது. 1986ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கலைஞர் இதை ஒரு முறையான பணியாகத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கிறது.

பந்துகளை வீசிப் பிடிப்பது, அடிபடாமல் விழுவது, பலூனில் நாய்க்குட்டி செய்வது எல்லாம் அங்கே உண்டு. ஆனால் கடினமான பாடம் வேறு. பாரிஸ் நகரில் நாடகப் பள்ளி நடத்திய ழாக் லெகோக் ஒருமுறை தம் மாணவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து மற்றவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்னார். என்னென்னவோ வித்தை காட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், வெட்கத்தோடு அவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பியபோதுதான் சிரிப்பு எழுந்தது. கோமாளி பிறப்பது அந்த இடத்தில்தான் என்று லெகோக் கண்டுகொண்டார். கோமாளியின் சிவப்பு மூக்கை, உலகிலேயே மிகச் சிறிய முகமூடி என்றார். மற்ற முகமூடிகள் ஆளை மறைக்கும். இதுவோ அவனது பலவீனத்தை வெளியே காட்டிவிடும். தம் வலுவின்மையைப் பற்றியே பெருமைப்படுவதாகக் கொரிந்தியருக்கு எழுதிய தூய பவுலுக்கு இந்த வகுப்பு பிடித்திருக்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல், இப்பணி செய்யும் புதுமணத் தம்பதியரோடு சேர்ந்து, தாமும் அந்த மூக்கை மாட்டிக்கொண்டு சிரித்தாரே!

பிறகு கதவுப் பாடம். மருத்துவமனைக் கோமாளிகள் பெரும்பாலும் இருவராகச் செல்வார்கள். முதலில் செவிலியரிடம் விசாரிப்பார்கள், கை கழுவுவார்கள். பின்பு அறைக் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று குழந்தையிடம் கேட்பார்கள். குழந்தை வேண்டாம் என்றால் போய்விட வேண்டும். கெஞ்சக் கூடாது, முகம் வாடக் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஊசி போட வருபவர் குழந்தையின் விருப்பத்தைக் கேட்பதில்லை. மாத்திரை, இரத்தப் பரிசோதனை எதற்கும் அது மறுப்புச் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் அது துணிந்து "போ" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கோமாளிதான்.

நாமும் நோயாளரைப் பார்க்கப் போகிறோம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, நேரே கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறோம். ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்கிறோம். "இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே" என்கிறோம். நம் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான் என்று தொடங்கி, அவரை அடக்கம் செய்தது வரை சொல்லி முடிக்கிறோம். உரக்கச் செபிக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் படுத்திருப்பவரை யார் கேட்டது?

ஆண்டவர் கேட்டார். பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவரிடம், நலம்பெற விருப்பமா என்று கேட்டார். பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும், என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். திருவெளிப்பாட்டு நூலிலும் அவர் வாசலில் நின்று தட்டுகிறவராகத்தான் காட்சி தருகிறார், கதவை உடைக்கிறவராக அல்ல.

இந்த ஞாயிறு மாலை நோயாளர் சந்திப்புக்குப் புறப்படுவோர், வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருப்பவர் கண்களை மூடிக்கொண்டால், பழங்களை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அதுவும் சந்திப்புதான்.

முகாமில் மாலைவரை கற்றுத்தருவது இதைத்தான்: குழந்தை "வேண்டாம்" என்றதும், பின்னோக்கி நடந்து, கதவைச் சத்தமின்றிச் சாத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போவது. மறுவாரம் மீண்டும் தட்டும்போது, அதே குழந்தை சில வேளை தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கும்.