குழந்தையின் குற்றமல்ல



ஆட்டிசக் குழந்தை ஆடையில் மலங்கழித்துவிட்டால் பிடிவாதம் என்று கடிந்துகொள்கிறோம். பல குழந்தைகளுக்கு மூலகாரணம் மலச்சிக்கலே. இறுகிய மலம் தேங்கிக் குடல் விரிகிறது, உணர்ச்சி மங்குகிறது, இளகிய மலம் ஓரமாகக் கசிகிறது. குழந்தை அறிந்து செய்வதில்லை.

முதலில் டாக்டரிடம் காட்டி, தேவையானால் மலம் இளக்கும் மருந்து பெறுங்கள். பின்னர், உணவு உண்டதும் குடல் இயங்கும் வேளையில், பாதத்தைப் பலகையில் ஊன்றி 5 நிமிடம் உட்காரப் பழக்குங்கள். ஒவ்வொரு படியையும் படமாக ஒட்டிக் காட்டுங்கள். 1987-இல் பதிவுபெற்ற மலேசிய தேசிய ஆட்டிசம் சங்கமான நாசோமையும் நாடலாம்.

வெட்கத்தால் கோயிலுக்கு வராத தாய்மார்கள் நம் ஜொகூரிலும் உண்டு. அவர்களுக்காக, உட்காரும் கழிவறையும் உடை மாற்றும் அறையும் ஆலயத்தில் அமைய உதவுங்கள். அதுவும் அம்பாள் திருப்பணியே.