தந்தையாரின் மௌன உபகாரம்

(ஏற்காட்டில் கூடிய நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குளிர்ந்த இச்சேர்வராயன் மலையின்மீது நம்மவர் குடும்ப சகிதமாய்க் கூடியிருக்கும் இவ்வேளையில் நாம் பேச எடுத்துக்கொண்டது விளையாட்டைப் பற்றியதாயினும், விளையாட்டான விஷயமன்று. பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சிக்குத் தந்தைமார் வாய்திறவாது செய்துவரும் உதவியும், அதற்குப் பிள்ளைகள் செலுத்தவேண்டிய நன்றியுமே அது.

தாயின் அன்பு சோற்றிலும் சொல்லிலும் வெளிப்படுவது. ஆகலின் குழந்தைக்கும் எளிதில் விளங்கும். தந்தையின் அன்போ பெரும்பாலும் செலவுக் கணக்கிலும் காத்திருப்பதிலும் மறைந்து கிடப்பது. நாம் ஏறிவந்த பாதையையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இம்மலையிலுள்ள சிறுவனோ சிறுமியோ சேலத்தில் காலைப் பந்தயம் ஓடவேண்டுமாயின், மூடுபனி விலகுமுன் ஒருவர் எழுந்து, துணையாக இறங்கி, அன்றைய கூலியையோ வியாபாரத்தையோ இழந்து, மைதானத்தோரம் வெயிலில் நின்று, பொழுது சாய மீண்டும் அழைத்து ஏறவேண்டும். வென்ற கோப்பையில் பிள்ளையின் பெயர் பொறிக்கப்படும். உடன் வந்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை.

நிற்க. சமீப காலத்து உதாரணமொன்று கூறுவோம். சதுரங்க வீரர் குகேஷ் 2006 ஆம் வருஷம் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ரஜினிகாந்த் காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் தேர்ந்த மருத்துவர். தாயார் பத்மகுமாரி நுண்ணுயிரியல் வல்லுநர். மகன் பல தேசங்களிலும் சென்று ஆடவேண்டிய நிலை வந்தபோது, தந்தையார் தம் வைத்தியத் தொழிலை நிறுத்தி உடன் புறப்பட்டார். குடும்பப் பாரம் தாயாரின் சம்பளத்தின்மேல் நின்றது. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில், அப்பிள்ளை கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரனை 7½–6½ என்ற கணக்கில் வென்று, 18 வயதிலேயே உலக சாம்பியனானார்.

அன்பர்களே! பலகையின்முன் அமர்ந்தவர் மகன். தந்தையால் ஒரு காயையேனும் நகர்த்த இயலாது. அவரால் இயன்றது உடனிருத்தல் ஒன்றே. அதனை ஆண்டுக்கணக்காகச் செய்தார்.

“அவர் மருத்துவர், நமக்கு அவ்வசதி ஏது?” என்று சிலர் வினவலாம். நம் சேலம் ஜில்லாவையே பாருங்கள். சின்னப்பம்பட்டி நடராஜனின் தந்தையார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கடை வைத்தவர். அத்தகைய வீட்டில் மகனை விரைவில் கூலிக்கு அனுப்புவதே உலக வழக்கம். வீட்டார் மறித்திருப்பின், ஊராரான ஜெயப்பிரகாஷ் அவருக்குக் கைகொடுத்தும் பயன் விளைந்திராது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக முதன்முறை ஆடிய அவர், அதே பயணத்தில், 2021 ஜனவரிக்குள், மூவகை கிரிக்கெட் ஆட்டங்களிலும் அடியெடுத்து வைத்தார். பின்பு தம் ஊரிலேயே மைதானம் அமைத்து 2023 ஆம் வருஷம் திறந்தார். நன்றியைச் செயலிற் காட்டுவது இவ்வாறே.

தொழிலை விடுங்கள் என்று எவருக்கும் நாம் உபதேசிக்கவில்லை. தந்தைமார் இரண்டு குற்றங்களை விலக்கினால் போதும். ஒன்று, பரீட்சை மதிப்பெண்ணையே பெரிதென மதித்து ஆட்டத்தை அடியோடு தடுப்பது. பெண் குழந்தை விஷயத்தில் இது இன்னும் கடுமையாய் நடக்கிறது. மற்றொன்று, மைதானத்தோரம் நின்று கூச்சலிட்டு, தோற்ற பிள்ளையைப் பலர் முன்னிலையில் இகழ்வது. தோற்ற நாளில் ஒன்றுங் கேளாது சிற்றுண்டி வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருபவரே உத்தமத் தந்தை.

இனிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்திலே தந்தையின் கடமையையும் மகனின் கைம்மாற்றையும் வைத்தார். ஒன்றைப் பெற்றுக்கொண்டு மற்றதை மறப்பது முறையன்று. நம் இதழின் இரங்கற் பகுதியைப் புரட்டிப் பாருங்கள்! “எம்மை ஆளாக்கிய தந்தையார்” என்று எத்துணை உருக்கமாக எழுதுகிறோம்! அவற்றில் ஒரு வரியையேனும் அவர் வாசித்ததுண்டா? கண்ணுஞ் செவியுமுள்ள காலத்தில் சொல்லாத நன்றி, மாலையிட்ட படத்தினருகில் சொல்லப்படுகிறது. இக்குறை நம்மிடையே நீங்கவேண்டும்.

ஆகலின் சங்கத்தார்க்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது: வருஷாந்தரப் பரிசளிப்பில் விளையாட்டுப் பரிசு பெறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தந்தையையோ, அவரில்லாவிடத்து அவர் ஸ்தானத்தில் நின்றவரையோ மேடைக்கு அழைத்து, அவர் செய்த உதவி ஒன்றைச் சபையறியக் கூறட்டும். இதற்குப் பொருட்செலவு காலணாவும் இல்லை. அத்தந்தையார் கூச்சத்தால் தலைகுனிந்து நிற்பார், ஒன்றும் பேசமாட்டார். ஆயினும் வாழ்நாள் முழுவதும் மறவார்.