மறைத்தால் நோய் வளரும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



மது ஹராம் என்பதை நாம் யாவரும் அறிவோம். புறம் பேசுதலும் ஹராமே என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். குடிக்கு அடிமையான மகனைப் பெற்ற தாய், "ஊர் அறிந்தால் பெண்மக்களுக்குச் சம்பந்தம் வராதே" என்றஞ்சி வாய்மூடியிருப்பதற்கு நம்முடைய நாவுகளும் காரணமல்லவா?

அவ்வச்சத்தால் சில வீடுகளில் மகனை அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயல்கின்றனர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. மது, போதைப்பொருளால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயென ஏற்றுச் சிகிச்சைக்கு உரிமை அளித்துள்ளது.

வீட்டார் போதை வேளையில் வாதாட வேண்டாம். தெளிந்திருக்கும்போது, "உன்னை நாங்கள் வெறுக்கவில்லை, உன் குடியால் வருந்துகிறோம், மருத்துவரிடம் சேர்ந்தே போவோம், வா" என்று அமைதியாகச் சொல்லட்டும். வழி தெரியாதோர் 14446 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண்ணை அழைக்கலாம்.

நாமோ, அவ்வீட்டைப் பற்றிப் பேசுவதை விடுத்து, அவ்வீட்டாரோடு பேசுவோம். சிகிச்சை பெற்றுத் திரும்பும் சகோதரருக்கு நம் ஸஃப்பில் தோளோடு தோள் சேர இடமளிப்போம்.