டாம் வில்ஸ்: ஓர் ஆட்டமும் ஒரு வாழ்வும்



இலக்கிய வட்டத்தின் மேடையில் ஒரு பந்தாட்டக்காரரின் வரலாறு எதற்கு என்னும் வினா எழக்கூடும். ஏட்டில் இல்லாத ஒன்றை உண்டென்று கொள்வதா, இல்லையென்று தள்ளுவதா என்பது இலக்கியம் பயில்வோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல். அச்சிக்கல் ஒரு மனிதரின் பெயரைச் சுற்றி நூறாண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகின்றது என்றால், அம்மனிதரை அறிந்துகொள்வது வீண் செயல் ஆகாது. அவர்தான் ஆஸ்திரேலியக் காற்பந்தின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்பெறும் தாமஸ் வென்ட்வொர்த் வில்ஸ்.

வில்ஸ் 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். அவருடைய பாட்டனார் வழிப்பறிக் குற்றத்திற்காக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர். தந்தை ஹொரேஷியோவோ பெரும் ஆட்டுப்பண்ணைக்கு உரிமையாளர். இரண்டு தலைமுறைக்குள் கைதியின் குடும்பம் நிலக்கிழாரின் குடும்பமாயிற்று. அந்நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதை மறவாமல் இருத்தல் வேண்டும். டாம் சிறு குழந்தையாய் இருந்தபோது குடும்பம் இன்றைய விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஜாப் வுர்ரங் மக்களின் மண்ணில் குடியேறிற்று. அம்மக்களின் பிள்ளைகளே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். அவர்தம் மொழியையும் பாடல்களையும் அவர் கற்றுக்கொண்டார் என்பதற்குக் குடும்பத்தார் எழுதிய சான்றுகள் உண்டு.

பதினான்காம் வயதில் அவர் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். அங்கே கிரிக்கெட் அணியின் தலைவரானார். அப்பள்ளிக்கே உரிய காற்பந்தையும் ஆடினார். நூல்களில் அவர் மனம் ஈடுபடவில்லை. 1856இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்காக ஆக்ஸ்போர்டை எதிர்த்து ஆடினார். ஆயினும் கேம்பிரிட்ஜில் அவர் பாடம் கேட்டதில்லை! அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்ன் திரும்பியவர், விக்டோரியாவின் தலைசிறந்த கிரிக்கெட் வீரராக விளங்கினார்.

1858 ஜூலை 10ஆம் நாள் ஒரு விளையாட்டு இதழில் அவருடைய மடல் ஒன்று வெளியாயிற்று. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடல் சோர்ந்து கிடத்தலாகாது. ஆகவே காற்பந்துக் கழகம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு விதிகள் வகுக்கக் குழு ஒன்றையும் அமைத்தல் வேண்டும் என்பது அம்மடலின் சாரம். அடுத்த மாதமே ஸ்காட்ச் கல்லூரியும் மெல்போர்ன் இலக்கணப் பள்ளியும் பக்கத்திற்கு நாற்பதின்மராக மோதின. நடுவர்களுள் ஒருவர் வில்ஸ். மூன்று நாள் ஆடியும் வெற்றி தோல்வி இன்றி அப்போட்டி முடிந்தது.

1859 மே 17ஆம் நாள் மெல்போர்ன் கழகத்தார் சிலர் ஒரு விடுதியில் கூடிப் பத்து விதிகளை எழுதினர். வில்ஸ், ஹாமர்ஸ்லி, தாம்சன், ஸ்மித் ஆகியோர் அங்கிருந்தனர். ரக்பியின் விதிகள் பலவற்றைப் புகுத்த வில்ஸ் விரும்பினார். பிறர் அவை சிக்கலானவை என்று ஒதுக்கினர். மெல்போர்னின் தரை கடினமானது. ஆடுவோரோ மறுநாள் அலுவலுக்குச் செல்ல வேண்டியவர்கள். எனவே எதிரியின் காலை உதைத்தல் விலக்கப்பட்டது. உதைத்த பந்தை நேரே பிடித்தவர் தடையின்றி உதைக்கலாம். பந்தைக் கையால் எறிதல் எந்நிலையிலும் கூடாது. பந்துக்கு முன்னே நிற்கலாகாது என்னும் தடை அப்பத்து விதிகளுள் இல்லை. இன்றும் அவ்வாட்டத்தின் தனித்தன்மை அதுவே. ஆகவே, இவ்வாட்டத்தை ஒருவரே படைத்தார் என்பது மிகை. தூண்டுகோல் வில்ஸுடையது, விதிகள் நால்வரும் பிறரும் கூடிச் செய்தவை. 1866இல் அவற்றைத் திருத்திய அவருடைய உறவினர் ஹாரிசனுக்கே நெடுங்காலம் ஆட்டத்தின் தந்தை என்னும் பட்டம் வாய்த்தது.

இதன் பின்னர் வந்தது பேரிடி. 1861இல் தந்தையின் விருப்பத்திற்கிணங்க வில்ஸ் குயின்ஸ்லாந்திற்குச் சென்றார். எட்டுத் திங்கள் மந்தைகளை ஓட்டிச்சென்று கல்லின்-லா-ரிங்கோ என்னுமிடத்தில் பண்ணை அமைத்தனர். அக்டோபர் 17ஆம் நாள் கயிரி மக்கள் அப்பண்ணையைத் தாக்கினர். தந்தை உட்படப் பத்தொன்பதின்மர் மாண்டனர். பொருள் வாங்கிவரச் சென்றிருந்ததால் டாம் தப்பினார். அண்டைப் பண்ணையார் ஒருவர், ஆடு திருடினர் என்று கருதிக் கயிரி மக்களைச் சுட்டதே இத்தாக்குதலுக்குக் காரணம் என்று குடும்பத்தாரே பின்னர்க் கூறினர். அதன்பின் குடியேறியவர்களும் காவற்படையும் நடத்திய பழிவாங்கலில் மாண்ட பழங்குடியினர் பத்தொன்பதின்மரினும் பன்மடங்கினர். அவர்களுடைய பெயர்களை ஏட்டில் எழுதுவார் இல்லை.

1864இல் விக்டோரியா திரும்பிய வில்ஸ் உறக்கம் கெட்டவராய், மதுவுக்கு அடிமையாய் இருந்தார். எனினும் அவர் வாழ்வின் வியப்புக்குரிய பகுதி இதற்குப் பின்னரே வருகின்றது. 1866இல் ஈடன்ஹோப் பகுதியில் பண்ணைகளில் உழைத்த பழங்குடி இளைஞர்களைக் கொண்ட கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளராகவும் தலைவராகவும் அவர் அமர்ந்தார். தந்தையைக் கொன்றவர்கள் வேறு இனக்குழுவினர் என்பது உண்மையே. ஆனால் அக்காலத்து வெள்ளையர் அவ்வேறுபாட்டைக் கருதியவர் அல்லர். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் மைதானத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் முன்னிலையில் அவ்வணி ஆடிற்று. உனாரிமின் என்னும் இயற்பெயருடைய ஜானி முல்லா அவ்வணியின் ஒளிவிளக்கு. அடுத்த ஆண்டுப் பயணம் ஏற்பாட்டாளரின் மோசடியால் சிதைந்தது. 1868இல் இங்கிலாந்து சென்று 47 ஆட்டங்கள் ஆடி, பதினான்கில் வென்றபோது தலைவராக இருந்தவர் வில்ஸ் அல்லர்; சார்ல்ஸ் லாரன்ஸ்.

பின்னாளில் பந்தை வளைத்து எறிகிறார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது, கடன் சூழ்ந்தது, குடி முற்றியது. 1880 மே 2ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், நோயின் மயக்கத்தில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஹைடல்பர்க்கில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார்.

இனி, ஏட்டில் இல்லாத செய்திக்கு வருவோம். விக்டோரியாவின் பழங்குடியினர் தோலாற் செய்த பந்தை உயர உதைத்து, எம்பிப் பிடித்து ஆடிய ஆட்டம் மார்ன்கிரூக் என வழங்கப்பெறுகின்றது. சிறுவன் வில்ஸ் கண்டு களித்த ஆட்டம் விதிகளில் புகுந்ததா? ஆம் என்பார், அவர்தம் மொழியும் பாடலும் அறிந்தவர் ஆட்டத்தை அறியாதிருப்பாரோ என்கின்றனர். இல்லை என்பார், அவருடைய மடல்களில் ஒரு சொல்லும் இல்லை என்கின்றனர். 2008இல் ஆட்டத்தின் 150ஆம் ஆண்டு வரலாற்று நூலிலேயே அது கவர்ச்சியான கட்டுக்கதை என்று எழுதப்பட்டது. ஒற்றுமை வேறு, தோற்றுவாய் வேறு என்பது ஒப்பிலக்கியத்தின் பாலபாடம். விதிகளின் வேர் ஆங்கிலப் பள்ளிகளில் உள்ளது என்பதற்குச் சான்று வலிமையாக உள்ளது. ஆனால், எழுதும் உரிமை ஒருசாரார் கையில் மட்டுமே இருந்த காலத்தில், எழுதப்படாமையே இல்லாமைக்குச் சான்றாகிவிடாது.

மற்றொரு செய்தி 2021இல் வெளிப்பட்டது. 1895ஆம் ஆண்டுச் சிகாகோ நாளிதழ் ஒன்றில் பெயர் குறிப்பிடாத ஒருவர் எழுதிய கட்டுரை அது. குயின்ஸ்லாந்துப் பழிவாங்கலில் தாமும் பங்கேற்றதாக வில்ஸே தம்மிடம் கூறினார் என்கிறது அக்கட்டுரை. எழுதியவர் யாரென்று தெரியாத செய்தி, நிகழ்ச்சிக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது, பிழைகளும் உண்டு. அதனை முழுதும் நம்புதல் அரிது. மார்ன்கிரூக்கிற்கு ஏட்டுச் சான்று கேட்டவர்கள் இதற்கும் அதே அளவுகோலைக் கொள்ளுதல் முறை. மார்ன்கிரூக்கிற்கு அதனைத் தளர்த்தியவர்கள் இங்கே மட்டும் இறுக்குதலும் முறையன்று. பழங்குடியினரின் தோழர் என்றே அவரைப் போற்றிவந்தவர்களுக்கு இச்செய்தி பெரும் அதிர்ச்சியாயிற்று.

நடுகல் மரபை அறிந்த இவ்வவையினருக்கு ஒரு செய்தி. வில்ஸின் புதைகுழியின் மேல் 1980இல், அதாவது நூறாண்டு கழிந்த பின்னரே, ஒரு கல் நடப்பட்டது. மெல்போர்ன் மைதானத்தின் வெளியே நிற்கும் சிலையில் அவர் 1858ஆம் ஆண்டுப் போட்டியின் நடுவராகக் காட்சியளிக்கின்றார். அதே மைதானத்தில் டிசம்பர் 26ஆம் நாள் தொடங்கும் டெஸ்ட் போட்டியில் சிறந்து ஆடுபவருக்கு 2020 முதல் அளிக்கப்பெறும் பதக்கம் முல்லாவின் பெயரைத் தாங்கியிருக்கின்றது.