ஒப்பில்லாதவன், கேட்கிறவன்

அல்லாஹ்வைப் பற்றிக் குர்ஆன் பேசும் முறையை ஒரே இடத்தில் காண வேண்டுமானால் 42ஆம் அத்தியாயமான அஷ்ஷூராவின் 11ஆம் வசனத்தைப் பார்க்க வேண்டும். அதன் இறுதிப் பகுதியில் இரண்டு செய்திகள் சேர்ந்து வருகின்றன. அவனைப் போல எதுவும் இல்லை என்பது ஒன்று. அவன் செவியுறுகிறவன், பார்க்கிறவன் என்பது மற்றொன்று. முதலாவது எல்லா ஒப்புமையையும் மறுக்கிறது. அடுத்ததோ, மனிதன் தன்னிடமும் காண்கிற கேள்வியையும் பார்வையையும் இறைவனுக்கு உரியதாகச் சொல்கிறது. மறுப்பும் உடன்பாடும் ஒரே மூச்சில் வருகின்றன. நடுவில் விளக்கம் ஏதும் இல்லை. இஸ்லாத்தில் இறைப்பண்புகளைப் பற்றி ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நடந்துவரும் பேச்சு முழுவதும், இந்த இரண்டில் ஒன்றைக்கூட விடாமல் பிடிப்பது எப்படி என்ற கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

செவியுறுகிறவன் என்றால் என்ன? மதீனாவில் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்ற பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் கோபத்தில், 'நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள்' என்று சொல்லிவிட்டார். பழைய அரபு வழக்கில் அந்த ஒரு சொல்லே மணவாழ்வை முறித்துவிடும். கவ்லா நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து முறையிட்டார், வாதாடினார், விடவில்லை. அதே வீட்டின் ஒரு மூலையில் ஆயிஷா (ரலி) இருந்தார். சிறிய வீடு, அப்படியிருந்தும் அந்தப் பெண் சொன்னவற்றில் சில வார்த்தைகள் தம் காதில் விழவில்லை என்று ஆயிஷா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் 58ஆம் அத்தியாயம், அந்தப் பெண்ணின் வாதத்தை அல்லாஹ் செவியுற்றான் என்று தொடங்கி இறங்கியது. அந்த அத்தியாயத்துக்கே 'வாதாடும் பெண்' என்ற பொருளில்தான் பெயர். அதற்குப் பின் அந்தப் பழைய வழக்கு மணவிலக்காகச் செல்லாது என்றாகி, அப்படிச் சொன்ன கணவனுக்குப் பரிகாரமும் விதிக்கப்பட்டது. ஒரு எளிய பெண்ணின் முறையீடு சட்டத்தையே மாற்றியது. அறைக்குள் இருந்தவரின் காதுக்கு எட்டாத சொல் அவனுக்கு எட்டியது என்றால், அந்தக் கேள்விக்குச் செவியும் வேண்டியதில்லை, தூரமும் தடையில்லை. ஒப்பில்லை என்ற மறுப்பு அந்தப் பண்பைக் குறைக்கவில்லை, முழுமையாக்குகிறது.

இறைப்பண்புகளை அறியும் முதல் வாசல் அவனுடைய திருநாமங்கள். அவனுக்கு அழகிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டே அவனை அழையுங்கள் என்று 7ஆம் அத்தியாயத்தின் 180ஆம் வசனம் கட்டளையிடுகிறது. 59ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனங்களில் அரசன், தூயவன், சாந்தி அளிப்பவன், பாதுகாப்பவன், மிகைத்தவன், படைப்பவன், உருவமைப்பவன் எனப் பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது பெயர்கள் உண்டு, அவற்றைப் பேணிக் கணக்கிட்டுக்கொள்பவர் சொர்க்கம் புகுவார் என்ற நபிமொழி அபூஹுரைரா (ரலி) வழியாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது.

பள்ளிவாசல் சுவர்களிலும் வீட்டு முன்றில்களிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டியல் அந்த நபிமொழியோடு சேர்ந்து வந்ததல்ல. அது திர்மிதியின் தொகுப்பில் ஓர் அறிவிப்பில் வருவது. அந்தப் பட்டியல் அறிவிப்பாளரின் சேர்க்கை என்றே நபிமொழி அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். குர்ஆனின் பக்கந்தோறும் வரும் 'ரப்' என்ற பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதே போதிய சான்று. உன் மறைவான ஞானத்தில் நீ வைத்துக்கொண்ட பெயர்களைக் கொண்டும் கேட்கிறேன் என்ற கருத்தில் அமைந்த ஒரு பிரார்த்தனையும் நபிவழியில் உண்டு. ஆகவே பெயர்கள் தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடவில்லை. மனப்பாடம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெயர்கள் குர்ஆனில் எந்த இடத்தில், எந்தப் பெயரோடு இணைந்து வருகின்றன என்று பார்க்காமல் வரிசையாக ஒப்பிப்பதோடு நின்றுவிட்டால் பெரும் செல்வம் கைநழுவிப் போகிறது.

பஸ்ராவின் மொழியறிஞர் அஸ்மயீயைப் பற்றி விரிவுரை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றன. திருட்டுக்குரிய தண்டனையைக் கூறும் 5ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தை அவர் ஓதினார். முடிவில் மறதியாக 'மன்னிப்பவன், கருணையுடையவன்' என்ற பெயர்களைச் சொல்லிவிட்டார். அருகிலிருந்த நாட்டுப்புற அரபி ஒருவர், இது யாருடைய பேச்சு என்று கேட்டார். அல்லாஹ்வின் பேச்சு என்றதும், திரும்ப ஓதச் சொன்னார். அஸ்மயீ தம் பிழையை உணர்ந்து 'மிகைத்தவன், ஞானமுள்ளவன்' என்று திருத்தி ஓதினார். இப்போது சரி என்றார் அந்த அரபி. குர்ஆன் தெரியாத உமக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, மன்னித்திருந்தால் தண்டனை விதித்திருக்க மாட்டானே, மிகைத்து ஆட்சி செய்ததால் அல்லவா விதித்தான் என்று பதில் வந்தது. வசனத்தின் இறுதியில் நிற்கும் இரண்டு பெயர்கள் ஓசைக்காக வந்த அலங்காரம் அல்ல என்பதைப் படிப்பறிவில்லாத ஒருவர் கண்டுகொண்டார்.

இதற்கு நேர்மாறான இடமும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. மறுமை நாளில் ஈஸா (அலை) தம் சமூகத்தாரைப் பற்றி இறைவனிடம் பேசும் காட்சி 118ஆம் வசனத்தில் வருகிறது. நீ தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள். நீ மன்னித்தால் என்று தொடங்கி அவர் முடிக்கும்போது, கேட்பவர் எதிர்பார்ப்பது 'மன்னிப்பவன், கருணையுடையவன்' என்ற பெயர்களைத்தான். அங்கே வருவதோ 'மிகைத்தவன், ஞானமுள்ளவன்'. மன்னிப்பது இயலாமையால் அல்ல, தண்டிக்கும் வல்லமை இருந்தும் அறிந்து மன்னிப்பது என்று விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் கூறுகிறார்கள். இரண்டு பண்புகள் அடுத்தடுத்து நிற்கும்போது தனித்தனியே சொல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கிறது.

இறைப்பண்புகள் பற்றிய அறிவுப்போர் பஸ்ராவிலும் பக்தாதிலும் மூண்டது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாஸில் இப்னு அதா வழியில் முஃதஸிலாக்கள் எழுந்தார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. அறிவு, வல்லமை, பேச்சு ஆகியவை அல்லாஹ்வுக்கு வேறான, தொடக்கமற்ற பொருள்கள் என்றால், தொடக்கமற்றவை பல என்றாகிவிடுமே, ஏகத்துவம் என்னாவது என்று கேட்டார்கள். ஆகவே அவன் தன் உள்ளமையாலேயே அறிகிறான், தனியே அறிவு என்ற பண்பு இல்லை என்று சொன்னார்கள். பேச்சும் படைக்கப்பட்டதே, ஆகவே குர்ஆனும் படைக்கப்பட்டதே என்றார்கள்.

இது படிப்பாளிகளின் வாதமாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 833இல் கலீஃபா மஃமூன் இந்தக் கொள்கையை அரசின் கொள்கையாக்கி, நீதிபதிகளையும் அறிஞர்களையும் விசாரணைக்கு இழுத்தார். பலர் பணிந்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் பணியவில்லை. மஃமூன் அதே ஆண்டில் இறந்தும் விசாரணை நிற்கவில்லை. அடுத்த கலீஃபா முஃதஸிமின் ஆட்சியில் அந்த இமாம் சிறையில் கசையடி பட்டார். முதவக்கிலின் காலத்தில்தான் இது ஓய்ந்தது. இறைவனின் பண்பைப் பற்றிய ஒரு நுட்பமான கருத்தை ஆட்சியாளர் கையில் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு முஸ்லிம் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பாடம் இல்லை. அறிவை முதன்மையாக வைத்தவர்களே சவுக்கை நம்பினார்கள்.

முஃதஸிலாக்களின் பள்ளியிலேயே வளர்ந்து, தம் ஆசிரியர் ஜுப்பாயியிடமிருந்து பிரிந்தவர் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ. அவர் மறைந்தது 936ஐ ஒட்டி. பண்புகள் உண்மையாகவே உண்டு, ஆனால் அவை அவனும் அல்ல, அவனுக்கு வேறானவையும் அல்ல என்று அவருடைய வழிவந்தோர் வரையறுத்தார்கள். சமர்கந்தில் மாதுரீதீயும் (மறைவு 944) ஏறத்தாழ இதே பாதையில் சென்றார். ஹனஃபீ வழியினர் பெரும்பாலும் மாதுரீதீயையும், ஷாஃபிஈ வழியினர் பெரும்பாலும் அஷ்அரீயையும் கொள்கையில் பின்பற்றுகிறார்கள்.

அல்லாஹ்வின் கை, முகம், அர்ஷின் (அரியணையின்) மீது அமைதல் என்று குர்ஆனில் வரும் இடங்கள்தாம் மிகவும் கடினமானவை. இவற்றை மனித உறுப்பாக எடுத்துக்கொண்டவர்களை எல்லாத் தரப்பினரும் ஒதுக்கினார்கள். மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஒருவர் வந்து, அர்ஷின் மீது அமைந்தது எப்படி என்று கேட்டார். இமாம் தலை குனிந்தார், உடல் வியர்த்துவிட்டது. பின்பு நிமிர்ந்து, அமைந்தது என்பது அறிந்ததுதான், எப்படி என்பது அறிவுக்கு எட்டாதது, நம்புவது கடமை, அதைக் கிளறிக் கேட்பது புதுவழக்கம் என்ற கருத்தில் பதில் சொன்னார். முற்காலத்தவர் பலர் இந்த அளவில் நின்றார்கள். பிற்கால அஷ்அரீகள் சிலர் கை என்பதற்கு வல்லமை என்பது போன்ற பொருள் கொண்டார்கள். அப்படிப் பொருள் மாற்றுவது பண்பையே மறுப்பதில் போய் முடியும் என்று டமாஸ்கஸில் இப்னு தைமிய்யா (1263–1328) கடுமையாக எதிர்த்தார்.

இந்தப் பிணக்கு இன்னும் தீரவில்லை. 'அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா' என்ற தலைப்பில் தமிழ்நாட்டிலேயே மேடை போட்டு விவாதங்கள் நடந்திருக்கின்றன. இரு தரப்பும் 42:11ஐத்தான் காட்டின. ஒப்பாக்குவதற்கு அஞ்சியவர் ஒருபுறம், மறுப்பதற்கு அஞ்சியவர் மறுபுறம். இரண்டு அச்சமும் இறையச்சமே. எதிர்த்தரப்பின் அச்சத்தை அறியாமல் பேசிய இடங்களில்தான் விவாதம் வசையானது.

பாமரருக்கும் இந்த அறிவைக் கொண்டுசேர்க்க ஒரு வழி கண்டவர் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தில்ம்சானைச் சேர்ந்த இமாம் ஸனூஸீ (மறைவு 1490). அவருடைய சிறு நூலான உம்முல் பராஹீன், அல்லாஹ்வுக்கு இருந்தே ஆகவேண்டிய பண்புகள் இருபது என்று வகுத்தது. உள்ளமை, தொடக்கமின்மை, முடிவின்மை, படைப்புகளுக்கு ஒப்பாகாமை, தன்னால் நிலைபெறுதல், ஒருமை ஆகியவை முதலில் நிற்கும். அடுத்து வல்லமை, நாட்டம், அறிவு, உயிர், கேள்வி, பார்வை, பேச்சு என்ற ஏழு. வல்லவனாயிருத்தல், நாடுகிறவனாயிருத்தல் என அந்த ஏழையும் ஒட்டிய நிலைகள் வேறு ஏழு. ஒப்பாகாமையை முன்னால் வைத்து, கேள்வி பார்வையைப் பின்னால் வைத்த இந்த அடுக்கும் 42:11இன் வரிசைதான். மலாய் நாடுகளில் 'இருபது சிஃபத்' என்றே ஒரு தனிப்பாடம் நிலைத்தது. ஷாஃபிஈ வழியைப் பின்பற்றும் காயல்பட்டினமும் கீழக்கரையும் இதே அஷ்அரீ மரபைச் சேர்ந்த ஊர்கள்.

பண்புகளில் எதை முன்னிறுத்துவது என்பதில் குர்ஆன் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 114 அத்தியாயங்களில் 113, அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்ற இரு பெயர்களோடு தொடங்குகின்றன. போர்க்கைதிகளிடையே ஒரு பெண் தன் குழந்தையைத் தேடித் தவித்ததும், கண்டதும் வாரி மார்போடு அணைத்துப் பாலூட்டியதும் நபிமொழியில் வருகிறது. இவள் தன் குழந்தையை நெருப்பில் போடுவாளா என்று நபியவர்கள் தோழர்களைக் கேட்டார்கள். முடிந்தவரை போடமாட்டாள் என்றார்கள். இவளுக்குத் தன் குழந்தை மேலுள்ள அன்பைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மேல் அதிக அன்புள்ளவன் என்றார்கள் நபியவர்கள்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) திருநாமங்களுக்கு எழுதிய அல்மக்ஸதுல் அஸ்னா என்ற விளக்கத்தில் இந்த இடத்தை ஆழமாகத் தொடுகிறார். மனிதன் இரங்கும்போது அவனுக்குள் ஒரு வலி எழுகிறது. பிறர் துயரைத் தீர்ப்பதில் தன் வலியைத் தீர்த்துக்கொள்வதும் கலந்திருக்கிறது. இறைவனுக்கு அந்த வலி இல்லை. ஆகவே அவனுடைய கருணை முழுவதும் பெறுகிறவனுக்காகவே அமைகிறது என்பது அவர் வாதம். ஒப்பில்லை என்று சொல்லச் சொல்லப் பண்பு வறண்டுபோகும் என்று அஞ்சுவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது.

ஒவ்வொரு பெயரிலும் அடியானுக்கு ஒரு பங்கு உண்டு என்றும் கஸ்ஸாலி எழுதுகிறார். ரஹ்மானின் அடியான் இரக்கத்தோடு நடக்க வேண்டும். மன்னிப்பவனை வணங்குகிறவன் பிறர் குற்றத்தை மறைக்க வேண்டும். பெருமைக்குரியவன் என்ற பெயரில் மட்டும் மனிதன் கைவைக்கக் கூடாது. பெருமை அவனுக்கே உரிய ஆடை என்று நபிமொழி எச்சரிக்கிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்துல் கரீம், அப்துல் லத்தீஃப், அப்துல் ஹமீது என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பண்புடையவனின் அடியான் என்ற பொருளில்தான். அப்துல் கரீம், அதாவது கொடையாளனின் அடியான் என்று பெயர் பெற்றவன் கருமியாக வாழ்வது அந்தப் பெயருக்குச் செய்யும் குற்றம்.

ஆகவே குர்ஆன் ஓதுவோர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வசனத்தை ஓதி முடிக்கும் இடத்தில் நிற்கும் இரு பெயர்களைக் கடந்து அடுத்த வசனத்துக்கு ஓடிவிட வேண்டாம். அவை ஏன் அங்கே வந்தன என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். துஆவுக்குக் கை ஏந்தும்போது, கேட்கும் தேவைக்கு உரிய பெயரைச் சொல்லி அவனை அழையுங்கள்.