படகு பேட்டரியைக் காப்போம்

 

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். தடை முடிந்து படகை எடுக்கப் போவோம். என்ஜின் கிளம்பாது. பேட்டரி இறங்கியிருக்கும்.

கரையில் இப்படி ஆனால் ஒரு நாள் தொழில் கெடும். நடுக்கடலில் ஆனால்? விளக்கு எரியாது. வயர்லெஸ் பேசாது. உதவிக்குக் கூப்பிடவும் முடியாது.

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தானே வந்தோம்? பிறகு கரண்ட் எங்கே போனது? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா? அதுபோல, எங்கோ கரண்ட் கசிகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரி 100 ஆம்பியர்-மணி. கசிவு அரை ஆம்பியர்தான். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஆக, ஒரு நாளில் 12 போய்விடும். நான்கு நாளில் 48. பாதி பேட்டரி காலி!

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. என்ஜினை நிறுத்துங்கள். பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து காற்றாட விடுங்கள்.
2. மெயின் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.
4. கழற்றிய வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே ஒரு சிறிய 12 வோல்ட் பல்பை இணையுங்கள்.
5. பல்பு எரிந்தால் கசிவு இருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு.

உப்பு நீர் பட்ட இணைப்பு, தோல் உரிந்த வயர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பல்பில் தெரியாத சிறு கசிவும் உண்டு. அதை மெக்கானிக் மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பார்.

வராமல் தடுக்கலாமே! பேட்டரியின் மேல் உப்பும் ஈரமும் படிய விடாதீர்கள். முனைகளைத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். தடைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக மூன்று எண்கள். என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இனி மீட்டரையும் நாமே படிப்போம். படகு ஏறும் முன் வீட்டுப் பெண்களும் கேளுங்கள்: “இன்று பேட்டரி எத்தனை வோல்ட்?”