கூண்டில் ஏறுகிறவரைத் தனியே விடலாமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் குடிநீர்க் குழாய் விஷயம்தான் முதலில் இருந்தது. அதைப் பின்னால் தள்ளிவிட்டுச் சாட்சி சொல்வதைப் பற்றிப் பேசப் போகிறோம். ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சகோதரி நமது சங்க அறைக்கு வந்தார். அவருடைய கணவர் நம்மில் ஒருவர். ஒரு வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி. எந்த வழக்கு, யார் மேல், எந்தச் சந்து என்பதையெல்லாம் இந்த மேடையில் சொல்ல மாட்டோம். தெரிந்தவர்களும் தயவு செய்து டீக்கடையில் வைத்துப் பேச வேண்டாம்.

அந்தச் சகோதரி சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, பிழைக்க வந்த ஊர்ல நமக்கு எதுக்கு இந்த வம்பு? நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு. ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிட்டு வரச் சொல்லுங்க." இடுப்பில் கைக்குழந்தை. முந்தின நாள் இரவு யாரோ இரண்டு பேர் கதவைத் தட்டி, மூத்த பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும்தான் கேட்டார்கள்.

அந்தத் தாய்க்கு உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மேடையில் வீரம் பேசுவது எளிது. ஆனால் "ஒன்றும் பார்க்கவில்லை" என்கிற அந்த வார்த்தையை ஒரு காலத்தில் நாமே சொல்லியிருக்கிறோம். அதை இன்று சொல்லியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் எழுத்தராக இருந்த ஒரு பிரிவு அலுவலகம். அந்தப் பிரிவில் ஒரு கேங்மேன் மழை நாளில் வண்டி மோதி இறந்துபோனார். (கேங்மேனுக்கு இப்போது ஏட்டில் வேறு பெயர் எழுதுகிறார்கள். ஆள் அதே ஆள்தான், சம்மட்டியும் அதே சம்மட்டிதான்.) பார்வை மறைக்கிற நாளில் பாதையில் வேலை நடந்தால், வண்டி வருவதைப் பார்த்து எச்சரிக்க லுக்-அவுட் மேன் ஒருவரைக் கொடியும் விசிலுமாக நிறுத்த வேண்டும். அன்று ஆள் குறைவு. நிறுத்தவில்லை. மறுநாள் காலை வேலைப் பதிவேட்டைத் திறந்தால், ஒரு பெயருக்கு நேரே "லுக்-அவுட்" என்று புது மையில் எழுதியிருக்கிறது! வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பீகார்ப் பையனின் பெயர். விசில் ஊதாமல் நின்றான், அதனால் ஆள் செத்தான் என்று குற்றம் அவன் தலையில் விழப் போகிறது. ஆள் போடாத மேலதிகாரி தப்பிவிடுவார்.

அந்தப் பக்கத்தை முந்தின மாலையே நாங்கள் நான்கு எழுத்தர்களும் பார்த்திருந்தோம். கூட்டுத்தொகை போட்டதே எங்கள் கைதான். விசாரணைக்கு வந்தவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். நான்கு பேரும் ஒரே பதில்: "ஞாபகம் இல்லை, சார்."

ஞாபகம் இல்லை என்று சொன்னால் அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த வார்த்தையில் உள்ள சௌகரியமே அதுதான். சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டோம் என்றுகூட ஒப்புக்கொள்ளுகிறோம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் அலுவலக வாசலுக்கு வந்தான். "பாபுஜி, லுக்-அவுட் ஆளுக்குக் கொடுப்பது சிவப்புக் கொடியா, பச்சைக் கொடியா?" என்று கேட்டான். தன் பெயருக்கு எதிரில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. கேள்வியில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நால்வரில் இருவர் எழுத்து மூலமாக உண்மையைக் கொடுத்தோம். முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். பயந்தோம் என்றோம். வேறு என்ன சொல்வது? பையன் மீதிருந்த குற்றச்சாட்டு போயிற்று. அடுத்த மாதமே எங்கள் இருவருக்கும் மாற்றல் உத்தரவு வந்தது. காரணம், நிர்வாக நலன். இருந்த குவார்ட்டர்ஸ் போயிற்று. எங்களில் ஒருவருடைய மகளுக்குப் பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாறிற்று. மற்ற இரண்டு எழுத்தர்களும் கெட்டவர்கள் அல்ல. இன்றைக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள், போய் வருகிறோம். ஆனால் அன்று நான்கு பேரும் சேர்ந்து சொல்லியிருந்தால் நான்கு பேரையும் மாற்றியிருப்பார்களா? சம்பளப் பட்டியல் போட ஆள் ஏது? இந்தக் கணக்கு அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பெரிய ரயில் விபத்து என்றால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். 1941லேயே அந்த ஆய்வாளர்களை ரயில்வே நிர்வாகத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்படுகிற இலாகாவே விசாரணை நாற்காலியிலும் உட்கார்ந்தால் சிப்பந்தி வாய் திறக்க மாட்டான் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு கேங்மேனின் சாவு பொதுவாக இலாகா விசாரணையோடு முடிந்துவிடும். சாட்சி சொல்பவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவரே அங்கே கேள்வி கேட்கிறவர்.

வழக்கு மன்றத்திலும் இதே நிலைதான். நாடறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். அதன் இரண்டாம் பாதி இந்த மும்பையில்தான் நடந்தது. 2002 மார்ச் 1ஆம் தேதி குஜராத் கலவரத்தில் வதோதராவில் பெஸ்ட் பேக்கரியைக் கொளுத்தி 14 பேரைக் கொன்றார்கள். 2003 ஜூனில் வதோதரா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறழ்ந்துவிட்டார்கள். முக்கிய சாட்சி ஸாஹிரா ஷேக், வயது இருபதை ஒட்டிய பெண். பயந்துதான் மாற்றிச் சொன்னேன் என்று பிறகு வெளியே வந்து சொன்னார். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் விடுதலையை ரத்து செய்து, மகாராஷ்டிராவில் மறுவிசாரணை நடத்த உத்தரவிட்டது. அவரோ அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் மாறினார். 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

அந்தப் பெண்ணைத் திட்டுவது சுலபம். பணம் வாங்கினார் என்றார்கள், விசாரணைக் குழுவும் அப்படித்தான் கண்டது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரின் வழக்கு முழுவதையும் ஒரு இளம்பெண்ணின் தோளில் ஏற்றிவைத்துவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோமே, அதற்கு யாருக்குத் தண்டனை?

இந்த வழக்கில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. மும்பை நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அவர்களில் 5 பேரை விடுவித்து 4 பேருக்கு அதை உறுதி செய்தது. அந்த உறுதிக்கு ஆதாரமாக நின்றது யாருடைய வாய்மொழி? அந்தப் பேக்கரியில் கூலிக்கு வேலை செய்து, தாக்கப்பட்டு உயிர் பிழைத்த தொழிலாளிகளின் வாய்மொழி. உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். வதோதராவில் நடந்த முதல் விசாரணையில் அவர்களில் சிலர் கூண்டுக்கே வரவில்லை, வரவழைக்கப்படவும் இல்லை. ஊர் திரும்பியவர்கள், மறுவிசாரணைக்காக மறுபடி ரயிலேறி மும்பை வந்து சொன்னார்கள். பிழைக்க வந்த ஊரில் நமக்கு எதற்கு என்று அவர்களும் இருந்திருக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாட்சியின் வாய்க்கு ஆளை உள்ளே தள்ளுகிற சக்தியும் உண்டு. 2006 ஜூலை 11 மாலையை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கு ரயில்வே மின்வண்டிகளில் 7 குண்டுகள், 180க்கு மேற்பட்ட உயிர்கள். மாஹிம் நிலையத்தில் வெடித்தது நமது தாராவிக்குக் காது கேட்கிற தூரம். 2015இல் 12 பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். 5 பேருக்குத் தூக்கு, 7 பேருக்கு ஆயுள். தூக்குத் தண்டனை பெற்றவரில் ஒருவர் 2021இல் சிறையிலேயே இறந்துபோனார். 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுதலை செய்தது. 100 நாளுக்கு மேல் கழித்துப் போலீசிடம் வந்து ஆளை அடையாளம் சொன்ன டாக்சி ஓட்டுநர்களின் சாட்சியத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. அடையாள அணிவகுப்பு நடத்தியவருக்கு அதற்கு அதிகாரமே இல்லை என்றார்கள். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. இந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று அங்கே தடை கிடைத்தது. விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. 19 ஆண்டு உள்ளே கிடந்தவர்களுக்கும் நீதி இல்லை, மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கும் நீதி இல்லை.

அந்த ஓட்டுநர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு சவாரியின் முகம் நூறு நாளைக்கு ஞாபகம் இருக்குமா என்று டாக்சி ஓட்டுகிற நமது தோழர்களே சொல்லட்டும். ஆகவே, பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வது எவ்வளவு கடமையோ, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமலிருப்பதும் அவ்வளவு கடமை. நமது ஆளை அடித்தவன் என்பதற்காக, அன்று அங்கே இல்லாதவன் பெயரையும் சேர்த்துச் சொல் என்று சங்கத்திலிருந்து யாராவது சொன்னால், அவரை முதலில் சங்கத்திலிருந்து வெளியே அனுப்ப வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்குத் தெரிய வேண்டிய சில சங்கதிகள். போலீஸ் விசாரணையில் எழுதுகிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடச் சொல்வதே சட்டத்துக்கு விரோதம். வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் கேட்கவே வேண்டாம். பெண்களைச் சாட்சி விசாரணைக்கென்று போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் நீங்கள் தமிழில் சொன்னதை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ பதிவு செய்தால், அந்த மொழி உங்களுக்குத் தெரியாதென்றால், எழுதியதை உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். இது சட்டம். கேட்டால்தான் கிடைக்கும். "தூரத்தில் நின்றான்" என்று நீங்கள் சொன்னது ஏட்டில் "தூரத்திலிருந்து வந்தான்" என்று ஏறிவிட்டால், குறுக்கு விசாரணையில் வக்கீல் உங்களைத் தோலுரித்துவிடுவார். பொய்ச்சாட்சிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. பொய் சொல்லும்படி சாட்சியை மிரட்டுகிறவனுக்கும் அதே 7 ஆண்டுதான். முன்னதைச் சொல்லித்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள், பின்னதை யாரும் சொல்வதில்லை. சாட்சிப் படி என்று ஒன்று உண்டு. வாங்கினவரை நாம் இன்னும் பார்க்கவில்லை.

பாதுகாப்புக்கும் வழி இருக்கிறது. 2018 டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நாடு முழுவதற்கும் சட்டமாக ஏற்றது. மகாராஷ்டிராவில் அதற்கு முன்பே 2017இல் தனிச் சட்டம் வந்திருந்தது. திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். போலீஸ் அதிகாரி மிரட்டலை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். வீட்டருகே காவல், நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருதல், எதிரியின் முகத்தைப் பாராமல் சாட்சி சொல்ல ஏற்பாடு, தேவையானால் வேறு இடத்தில் குடியமர்த்துதல் வரைக்கும் இடமிருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மிரட்டுகிறவனும் அறிக்கை எழுதுகிற நிலையமும் ஒரே கடையில் டீ குடித்தால் என்ன செய்வது? 2020 ஜூனில் நமது தூத்துக்குடிச் சீமையில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டுச் செத்தார்கள் அல்லவா? இரவெல்லாம் அடித்ததைப் பார்த்த பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட நடுங்கினார். காக்கி உடுத்தியவருக்கே அந்த நடுக்கம். வெளியே அவருடைய சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் அவர் போட்டார். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லிற்று.

ஆகவே மனுவும் கொடுப்போம், அதை மட்டும் நம்பியும் இருக்க மாட்டோம். அந்தச் சகோதரியிடம் கடைசியில் நாம் சொன்னது இதுதான்: "என்ன சொல்ல வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க மாட்டோம். சொல்லாதே என்றும் சொல்ல மாட்டோம். அவர் சொல்லப் போனால் தனியாகப் போக மாட்டார்." அந்த அம்மா பதில் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் கழித்துக் கணவர் வந்து, "போறேன் அண்ணாச்சி" என்றார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாம் கேட்கவில்லை.

வழக்கு ஒரே நாளில் முடியாது. வாய்தா மேல் வாய்தா போடுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். முதல் வாய்தாவுக்கு முப்பது பேர் வருவோம், ஐந்தாவதற்கு மூன்று பேர் வருவோம். நமது பழக்கம் நமக்குத் தெரியாதா? அதனால் கூட்டமாக வர வேண்டாம். முறை வைத்து, தடவைக்கு நான்கு பேர் போதும். கோஷம் வேண்டாம், பேட்ஜ் வேண்டாம். நீதிமன்ற வராந்தாவில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உன்னோடு வந்தது யார் என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்டால், எங்கள் சங்கத்துக்காரர்கள் என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். வழக்கைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவருக்குப் போகிற கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பொருளாளர் முகம் சுளித்தார், பிறகு அவரும் ஒப்புக்கொண்டார்.

வாய்தாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் போதுமான அளவு ஆகிவிட்டார்கள். குறைவது வேறொரு வேலைக்கு. அந்தப் பையனைக் காலை 7 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விடவும், பகல் 12½ மணிக்கு அழைத்து வரவும் ஆள் வேண்டும். திங்கள் முதல் சனி வரை. இதுவரை வந்தது இரண்டு பெயர்கள்தான், இரண்டும் தாய்மார்கள். பகல் ஷிப்ட் இல்லாத தோழர்கள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு குடிநீர்க் குழாய் விஷயத்துக்கு வருவோம்.